பாஸ்போர்ட் சைஸ் முகங்கள்

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தாறு, குருவுக்கு முப்பத்து நான்கு. அப்படியும் அமைவதுண்டு.

சீடர், பெண் பிள்ளைகள் இல்லத்தின் வார்டன் கோமதிசங்கரி. வெயில்கூடத் தன்னைக் கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்கிற தோரணை. மனசுக்குள் எல்லாம் வெண்ணெய். குரு, வாரம் ஒருமுறை அங்கே வந்து போகும் மனநல மருத்துவர் ஹெப்சிபா.

அன்று வார்டனின் மூக்குக் கண்ணாடி இரண்டு துண்டாகக் கையில் இருந்தது.

"இந்த இசக்கிப்பிரியா சோத்துத் தட்டத் தூக்கி என் மூஞ்சியில எறிஞ்சிட்டா டாக்டரம்மா. நான் ஒண்ணுமே சொல்லல. சும்மா பாத்தேன், அவ்வளவுதான்."

"இது எத்தனாவது தடவை?"

"மூணாவது. வேற இல்லத்துக்கு மாத்தணும்னு எல்லாரும் சொல்லுதாவ. நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கே கூட்டிட்டுப் போயிருவாவ." வார்டனின் குரல் இறங்கியது. "பதினாலு வயசுப் பிள்ள. மூளையில எதுவும் கோளாறா? ஸ்கேன் எடுத்துப் பாத்துச் சொல்லுங்க."

"ஸ்கேன் இருக்கட்டும் அக்கா. ஆபீஸ்ல பாஸ்போர்ட் படம் மிச்சம் இருக்கா?"

விண்ணப்பங்களுக்கு எடுத்து மிஞ்சியவை ஒரு கவர் நிறைய இருந்தன. மருத்துவர் இருபது படங்களை மேசையில் வைத்துவிட்டு இசக்கிப்பிரியாவைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவள் வார்டன் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து நின்றாள்.

"கோவமா இருக்கிறவங்கள இந்தப் பக்கம் வை. கோவம் இல்லாதவங்கள அந்தப் பக்கம்."

மடமடவென்று வைத்தாள். இருபதும் கோபப் பக்கமே போயின.

வார்டனுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, இது சமையல்கார பேச்சியம்மா. அவளுக்குக் கோவமே வராது. ஸ்டூடியோக்காரன் சிரிக்காதன்னு சொல்லிருப்பான், அதான் இப்படி உக்காந்திருக்கா." அடுத்த படத்தை எடுத்தவர் தயங்கினார். "இது நீயில்லா?"

"ஆமா."

"ஒன் மேல ஒனக்கே என்னட்டி கோவம்?"

இசக்கிப்பிரியா தன் படத்தை உற்றுப் பார்த்தாள். "தெரியல. அடிக்க வார மாதிரி இருக்கு."

அவளைப் போகச் சொன்ன பிறகும் வார்டன் அந்தப் படத்தைக் கீழே வைக்கவில்லை.

"சும்மா இருக்கிற முகத்தையும் அவ மூளை கோவம்னுதான் படிக்குது அக்கா," என்றார் மருத்துவர். "சில பிள்ளைங்களுக்கு அப்படி. அடி விழுறதுக்கு முன்ன நாம அடிச்சிரணும்னு கை முந்திக்கிடும்."

"வேற இல்லத்துக்குப் போனா சரியாகுமா?"

"அங்கயும் மனுச முகம்தானே இருக்கும்."

வார்டன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கு டெங்கு வந்தப்ப எட்டு நாள் ஆஸ்பத்திரியில பக்கத்துலயே கெடந்தேன். அவ மேல எனக்கு உசுரு டாக்டரம்மா. சிரிச்சா பிள்ளைக கெட்டுப் போயிரும்னு மூஞ்ச இறுக்கி வச்சிருப்பேன், வேற ஒண்ணுமில்ல. என் பாசம் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?"

"எதப் பாத்துத் தெரிஞ்சிக்கிடுவா அக்கா?"