கோட்டை ஆட்டியது யார்?

மலைக்குகைக்குள் நிலநடுக்கமானியை எஞ்சினியர் பாறைமேல் வைக்க, வெப்பமும் குளிரும் அண்டாதபடி தெர்மோகோலும் கம்பளியும் போட்டுப் பொதிந்தவள் கூலிக்கு வந்த செங்கேணி. மறுநாள் பார்வையிட வந்தார் பெரிய அதிகாரி திருமலையப்பன். அவருக்கு ஓரிடத்தில் நின்று பழக்கமில்லை. பூட்ஸ் அதிர நடந்துகொண்டே கருவியின் திரையைப் பார்த்தார். அதிர்வைக் காட்டும் கோடு தாறுமாறாக ஆடியது.

“பொதிந்த லட்சணம் இதுதானா? இதை ஆட்டுவது யாராக இருந்தாலும் இன்றோடு வேலை போச்சு.”

“யாரா இருந்தாலுமா ஐயா?” என்று கேட்டாள் செங்கேணி.

“நானாகவே இருந்தாலும்.”

அவள் குகையில் இருந்த எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னாள். தானும் உட்கார்ந்தாள். கோடு அடங்கவில்லை. நடந்துகொண்டிருந்தவர் அதிகாரி ஒருவர்தான்.

“ஐயாவும் கொஞ்சம் உட்காருங்க.”

உட்கார்ந்தார். தாறுமாறான ஆட்டம் நின்றது. அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் கோடு, தூங்கும் குழந்தையின் வயிறுபோல மெல்ல ஏறி இறங்கியது.

“அப்போ இது யார்?” என்று பாய்ந்தார்.

“கடலுங்க. நூறு மைலுக்கு அந்தாண்ட அலை அடிக்கிறது இந்தப் பாறைவரைக்கும் வருதுன்னு எஞ்சினியர் சொன்னாரு. உங்க வேலையோட சேர்த்து அதோட வேலையையும் எடுத்துடலாமா ஐயா?”

குகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோர் கண்ணும் திரையில் இருந்தது. அதிகாரி சத்தமில்லாமல் பூட்ஸைக் கழற்றினார்.