திருப்பிப் போட்ட நாற்காலி

பட்டென்று ஒரு சத்தம். திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டு மேசைகளை ஓரங்கட்டிவிட்டு டேக்வாண்டோ போட்டி நடத்தினார்கள். சிறுமி சுகிர்தாவின் கால் எதிராளியின் மார்புக் கவசத்தில் விழுந்த சத்தம் அது. மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்த நடுவர்கள் காதால் கேட்டு பாயின்ட் போட்ட காலம். உதைத்த கையோடு அவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் போடுவார்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை.

பிறகு கவசத்துக்குள் மின்சாரம் வந்தது. பாயின்ட்டை அதுவே போட்டது. சுகிர்தாவும் நாடு நாடாகப் போய் ஆடினாள், இரண்டு வெள்ளி வாங்கினாள். திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

தாஷ்கண்டில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. இந்த ஓர் ஆட்டத்தில், மூன்று ரவுண்டில் இரண்டை வென்றால் ஒலிம்பிக். அடுத்த ஒலிம்பிக் வரை அவள் முழங்கால் தாங்காது என்று டாக்டர் சொல்லியாயிற்று.

முதல் ரவுண்டு கைவிட்டுப் போயிற்று. மூச்சிரைக்க மூலைக்கு வந்தாள். அங்கே அவளுடைய பயிற்சியாளர் ஜெசிந்தா இருந்தார். அவளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்.

"மாஸ்டர், சத்தம் கேட்டுச்சா இல்லியா? ஹாலுக்கே கேட்டுச்சே! பாயின்ட் ஏன் விழ மாட்டேங்கு?"

"தண்ணியக் குடி."

"மிஷின் கோளாறு. போய்ச் சொல்லுங்க."

"எல்லாம் விழுந்திருக்கு."

"அப்புறம் எப்படித் தோத்தேன்?"

"ஒவ்வொரு தடவையும் உதைச்சிட்டு எங்க பாத்த?"

"உங்களைத்தான்."

"பொய் சொல்லாத. என் தலைக்கு மேல பாத்த."

ஜெசிந்தாவின் முதுகுக்குப் பின்னால்தான் பாயின்ட் போர்டு தொங்கியது. சுகிர்தா அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எதிராளியான உஸ்பெக் பெண் உதைத்திருந்தாள்.

"விழுந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"ஏட்டி, வருஷக்கணக்கா சொல்லுதேன். தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு."

"திட்ட இதுவா நேரம்? என்ன செய்யணும், அதச் சொல்லுங்க!"

ஜெசிந்தா எழுந்தார். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டார். களத்துக்கு முதுகைக் காட்டி, போர்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர் இது?"

"போர்டை நான் பாத்துக்கிடுதேன்."

"அப்ப என் ஆட்டத்த யாரு பாப்பா?"

"இதுவரைக்கும் யாரு பாத்தா?"

அதிகாரி ஒருவர் ஓடி வந்து, நாற்காலியைத் திருப்பச் சொல்லிக் கையை ஆட்டினார். ஜெசிந்தா மொழி புரியாதவர் போலச் சிரித்து வைத்தார். அவருக்கு எல்லாம் புரியும்.

நடுவர் அழைத்தார். சுகிர்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாடு தாண்டிக் கூட்டி வந்துவிட்டு முதுகைக் காட்டுகிற கோச் உலகத்தில் உண்டா? அந்தப் பக்கம் திரும்பவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பார்ப்பதற்கு எதிரில் நிற்பவளைத் தவிர வேறு யாரும் இல்லை. அப்போதுதான் கண்டாள்: உதைக்கும் முன் உஸ்பெக் பெண்ணின் இடது தோள் லேசாக ஏறியது.

தோள் ஏறியபோதெல்லாம் சுகிர்தா முந்திக்கொண்டாள். இரண்டாவது ரவுண்டு அவளுக்கு.

மூன்றாவதிலும் அந்தத் தோளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மணி அடித்தது. இருவரும் குனிந்து வணங்கினார்கள். நடுவர் உஸ்பெக் பெண்ணின் கையைத் தூக்கினார்.

ஹோட்டலுக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் சுகிர்தா கேட்டாள்.

"கடைசி ரவுண்டு எத்தனைக்கு எத்தனை, மாஸ்டர்?"

ஜெசிந்தா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ பாக்கலியா?"

சுகிர்தா இல்லையென்று தலையசைத்தாள்.

அவள் ஒலிம்பிக்குக்குப் போகவே இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, இப்போது திருநெல்வேலி ரயில்களில் டிக்கெட் பரிசோதகராக இருக்கிறாள்.