அள்ளாத சாம்பல்

"அடுப்பு எரியுதுங்கம்மா. சூடுதான் வரமாட்டேங்குது" என்றார் நல்லசிவம்.

கூடத்துக்கு வெளியே, வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னார். உள்ளே பிள்ளை பிறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தீட்டு. அவர் படி தாண்டவில்லை.

வடிவம்மை திரும்பவில்லை. தாயின் மார்பில் கிடந்த குழந்தையின் பாதத்தைத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதம் நாவல்பழத்தின் நிறத்தில் இருந்தது.

"கரி போட்டீங்களா ஐயா?"

"வலி கண்டப்பவே ஒரு கூடை போட்டேங்க."

"ஈரக் கரியா?"

"மூட்டைக்கு நடுவுல கையை விட்டு எடுத்தது. காஞ்ச கரி."

"புகைக்குழாய்?"

"தட்டிப் பார்த்துட்டேன். ஏணி வெச்சு ஏறி மேலேயும் பார்த்தேன். ஒரு அடைப்பும் இல்லைங்க."

"மழையில ஏணி ஏறினீங்களா? விழுந்திருந்தா உங்களை எங்கே கொண்டு படுக்க வைக்கறது? இருக்கறதே ஒரு பாய்."

நல்லசிவம் சிரிக்கவில்லை. குழந்தை இன்னும் சரியாக அழவில்லை. பிறந்தபோது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

*

கீழே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவன் மாசானம். அவன் மனைவி பேச்சிக்கு மாதம் நிறையுமுன்பே வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் மண் சரிந்து கிடந்தது. இறங்க வழியில்லாமல் ஏறி வந்தார்கள். மேலே இருந்தது மடம் மட்டும்தான்.

மடம் என்றால் பழைய பங்களா. அதைக் கட்டிய துரை ஊருக்குப் போகும்போது, தூக்கிப்போக முடியாத ஒன்றை விட்டுவிட்டுப் போனார். ஆள் உயர இரும்பு அடுப்பு. நிலக்கரியைப் போட்டால் கூடம் முழுவதையும் சூடாக்கும். குருநாதர் வந்து அதைப் பற்றவைத்தார். பிறகு அது அணையவே இல்லை. சனங்கள் அணையா அடுப்பு என்று பெயர் வைத்தார்கள். அந்த அடுப்பின் நீற்றுக்காகக் கரூரிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் மலை ஏறி வந்தார்கள்.

சமையல் கொட்டகை தனி. அதன் கூரையை இந்த மழை கொண்டுபோய்விட்டது. விறகெல்லாம் தண்ணீர். மடத்தில் நெருப்பு இருந்த ஒரே இடம் கூடம்தான்.

குருநாதர் போன மாசியில் சமாதியானார். தனக்குப் பின் மடத்துக்கு யார் என்று கேட்டதற்கு, கண்ணை மூடுமுன் கையைத் தூக்கி வடிவம்மையைக் காட்டினார். ஓடிக்கொண்டிருந்த ஜவுளிக்கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வந்து, இருபது வருஷம் காலடியில் கிடந்த நல்லசிவத்தைக் காட்டவில்லை. வடிவம்மைக்கு நல்லசிவத்தின் மகள் வயது.

நல்லசிவம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அடுப்பை நான் பார்த்துக்கறேனுங்க."

"பார்த்துக்குங்க" என்றாள் வடிவம்மை.

இது மார்கழி.

*

"சாம்பல் அள்ளினீங்களா?"

"அது சாம்பல் இல்லைங்கம்மா."

"பின்னே?"

"நீறு."

வடிவம்மை இப்போதுதான் திரும்பினாள்.

"அவரு போனதுக்கப்புறம் அதை யாரும் தொடறதில்லைங்க. குருபூஜை அன்னைக்குத்தான் அள்ளறது. சலிச்சு, பொட்டலம் கட்டி, வர்றவங்களுக்கெல்லாம் கொடுக்கறதா முடிவு."

"போன மாசியிலேர்ந்து அள்ளவே இல்லையா?"

"கரி நான் கொஞ்சமாத்தான் போடுவேன். காலையில ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. விளக்குக்கு எண்ணெய் விடற மாதிரி. அணையாம இருந்தாப் போதுமில்லைங்களா?"

"முடிவு பண்ணது யாரு?"

"நாங்கதான். பழைய ஆளுங்க."

"அவரு சொன்னாரா?"

"அவரு எதைத்தான் வாயைத் திறந்து சொன்னாரு?"

"அதுவும் சரிதான்" என்றாள் வடிவம்மை. "உள்ளே வாங்க."

"தீட்டுங்களே."

"அடுப்பு உள்ளேதானே இருக்கு."

மாசானம் மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. எழுந்து கை கூப்பினான்.

"தீட்டுன்னா நான் வேணா வெளிய போயி நிக்கேன் சாமி. அவளும் புள்ளையும் மட்டும் இருக்கட்டும்."

வெளியே மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

நல்லசிவம் படியைத் தாண்டினார்.

*

அடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்தார். ஆட்டின் வயிறு மாதிரி இருந்தது. அவ்வளவு சூடுதான்.

வடிவம்மை வந்து மேல்கதவைத் திறந்தாள். கரி போட்டது போட்டபடி கறுப்பாகக் கிடந்தது. அடியில் மூன்று நான்கு கங்குகள் மட்டும் சிவந்திருந்தன. கீழ்க்கதவைத் திறந்தாள். சாம்பல் கம்பிகளைத் தொட்டுக்கொண்டு, மாவை அமுக்கி வைத்த மாதிரி நிறைந்திருந்தது. ஒரு விரல் நுழைய இடமில்லை.

"காத்து எங்கேருந்து வரும்?" என்றாள்.

நல்லசிவம் குனிந்து பார்த்தார்.

"அள்ளுங்க."

"என்னால முடியாதுங்கம்மா. வேற எது வேணா சொல்லுங்க. இந்தக் கூரையைப் பிரிச்சு எரிக்கச் சொல்லுங்க, செய்யறேன்."

"சரி" என்றாள்.

இடுக்கியால் கரியை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டாள். கங்குகளை ஒரு மண்சட்டியில் வைத்து, சட்டியைப் பேச்சியின் காலருகே தள்ளினாள். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சாம்பலை வழித்து முறத்தில் இழுத்தாள்.

நல்லசிவத்தால் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. எடுத்ததுதான் எடுத்தாயிற்று, ஒரு துகள் கீழே சிந்தக்கூடாது. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, குருநாதர் படத்துக்கு முன்னால் விரித்தார். நான்கு மூலைகளையும் இழுத்துச் சுருக்கம் எடுத்தார்.

"இங்க வைங்கம்மா."

வடிவம்மை முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நடந்தாள். துண்டைத் தாண்டிப் போனாள்.

பேச்சியின் பாயைச் சுற்றித் தரையில் பேற்று ரத்தமும் நீரும் தேங்கிக் கிடந்தன. முறத்தை அதன்மேல் கவிழ்த்தாள்.

நல்லசிவம் விரித்த துண்டு அப்படியே கிடந்தது.

"வழுக்குது" என்றாள் வடிவம்மை. "ரெண்டு தடவை விழப் பார்த்தேன்."

சாம்பல் ரத்தத்தைக் குடித்தது. மெல்லச் சிவந்தது. பிறகு கறுத்தது. அவள் அதைக் காலால் பரப்பிவிட்டாள்.

நல்லசிவம் சுவரைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷம். நெற்றியில் வைத்தால் கீழே உதிரக்கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற காலைகள்.

"அம்மா, அது…"

"இன்னும் நிறைய இருக்கு ஐயா. உள்ளே என் கை எட்டலை. உங்க கை நீளம்."

அவர் அசையவில்லை. பாவி என்று அவளைச் சொல்ல வாயெடுத்தார். அப்போது பாயிலிருந்து பேச்சி பேசினாள். காலையிலிருந்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. ஏதோ கடையில் விலை கேட்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாத குரல்.

"தாயி, இவன் மூச்சு விடுதானான்னு கொஞ்சம் பாருங்களேன். எனக்குத் தெரிய மாட்டேங்கு."

மாசானம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வடிவம்மை ஓடிப்போய்க் குழந்தையின் மூக்கருகே கன்னத்தை வைத்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ.

"விடுறான்" என்றாள்.

திரும்பிப் பார்த்தபோது, நல்லசிவம் மண்டி போட்டு, தோள் வரைக்கும் கையை அடுப்புக்குள் விட்டிருந்தார்.

*

முறம் முறமாக வந்தது. மாசானம் வாங்கி வாங்கி வெளியே மழையில் கொட்டினான். எங்கே கொட்டுகிறான் என்று நல்லசிவம் கேட்கவில்லை.

ஓரிடத்தில் கை நின்றது.

"என்ன?" என்றாள் வடிவம்மை.

"அடிச்சாம்பல். இது அவரு இருந்தப்ப எரிஞ்சது. கடைசி நாள் அன்னைக்கு." கையை வெளியே எடுக்கவில்லை. "இது மட்டும் இருக்கட்டுமாங்க?"

"அதையும்."

அள்ளினார். மற்றதைப் போலத்தான் இருந்தது. கொஞ்சம் கெட்டியாக.

கம்பிகளுக்கு அடியில் கையை ஆட்டிப் பார்த்தார். காலி. எழுந்து, கங்குகளை எடுக்க மண்சட்டிக்குப் போனார். குனிந்தவர் நிமிரவில்லை.

சட்டியில் வெள்ளைச் சாம்பல் இருந்தது. ஊதினார். பறந்தது. அடியில் சிவப்பு இல்லை. மறுபடி ஊதினார்.

"அணைஞ்சிடுச்சு" என்றார்.

சட்டியைத் தூக்கி வடிவம்மையிடம் காட்டினார்.

"அம்மா, அவரு பத்தவெச்ச நெருப்பு. அணைஞ்சிடுச்சு."

"யார்கிட்டயாவது தீப்பெட்டி இருக்கா?" என்றாள் வடிவம்மை.

மாசானம் தயங்கினான். பிறகு மடியை அவிழ்த்தான். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பீடிக்கட்டு முதலில் விழுந்தது. அதைக் காலால் மறைத்துக்கொண்டு தீப்பெட்டியை நீட்டினான்.

"மடத்துல குடிக்கல சாமி. கீழயே குடிச்சிட்டுத்தான் ஏறுனேன்."

"இவளுக்கு வலி எடுத்தப்பவா?" என்றாள் வடிவம்மை.

"கை நடுங்கிச்சு தாயி."

நல்லசிவம் பூஜை மாடத்திலிருந்து கற்பூரத்தை அள்ளிவந்தார். சாம்பிராணி போட வைத்திருந்த கொட்டாங்கச்சிகளை உடைத்துப் பரப்பினார். மேலே காய்ந்த கரியாகப் பொறுக்கி அடுக்கினார். தீக்குச்சியை உரசினார். நமுத்திருந்தது. இன்னொன்று. அதுவும். குருநாதர் படம் இருக்கும் பக்கம் அவர் பார்க்கவில்லை.

அடுத்த குச்சி பிடித்தது.

கீழ்க்கதவு வழியாகக் காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. யாரோ தூக்கத்தில் மூச்சை இழுப்பது போல. கொட்டாங்கச்சி வெடித்தது. கரியின் ஓரங்கள் சிவந்தன. கொஞ்ச நேரத்தில் அடுப்பு உறுமத் தொடங்கியது. புகைக்குழாய் சூட்டில் விரிந்து டக் டக்கென்று அடித்துக்கொண்டது.

இந்தச் சத்தத்தைக் கேட்டு வருஷமாகப் போகிறது என்பது நல்லசிவத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

பேச்சியைப் பாயோடு அடுப்புக்கு அருகில் இழுத்தார்கள். மாசானத்தின் வேட்டியிலிருந்து ஆவி எழுந்தது. வடிவம்மை குழந்தையின் பாதத்தை நெருப்புப் பக்கமாகக் காட்டிப் பிடித்துக்கொண்டாள். நாவல்பழ நிறம் விரல் நுனிகளுக்கு ஒதுங்கியது. பிறகு அங்கேயும் இல்லை.

குழந்தை முகத்தைச் சுளித்தது. வாயைத் திறந்தது. கூடமே அதிர அழுதது.

"சண்டைக்காரன்" என்றாள் வடிவம்மை.

பேச்சி அவனை மார்போடு சேர்த்துக்கொண்டு தானும் அழுதாள்.

*

மாசானம் ஓடிவந்து நல்லசிவத்தின் காலில் விழுந்தான்.

"ஐயோ, எந்திரிப்பா. என் கால்ல ஏன் விழறே? அம்மா அங்க இருக்காங்க."

அவன் எழவில்லை. தூக்குவதற்காக நல்லசிவம் குனிந்து அவன் தலையில் கையை வைத்தார். மாசானம் கண்ணை மூடிக்கொண்டு, மண்டியிட்டபடி நிமிர்ந்து, முகத்தைக் காட்டினான். அவர் கை அவன் நெற்றி வழியாக வழுக்கி இறங்கியது.

மூன்று விரல்களின் தடம். வெள்ளையாக.

நல்லசிவம் தன் கையைப் பார்த்தார். தோள் வரைக்கும் சாம்பல்.

அவருக்கு முதல்முதலாக இந்த மலை ஏறி வந்த நாள் நினைவுக்கு வந்தது. மூத்த மகனை எரித்துவிட்டு, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் வந்த நாள். விடிகிற நேரம். வாசலில் விழுந்து கிடந்தார். உள்ளேயிருந்து குருநாதர் வந்தார். யாரோ கூப்பிட்ட அவசரத்தில், முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்த மாதிரி வந்தார். குனிந்து, தலையில் கை வைத்துத் தூக்கினார். நெற்றியில் நீறு ஒட்டியிருந்தது. அதை மூன்று நாள் கழுவவில்லை. கரூரில் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக மலை ஏறி வந்து நெற்றியை நீட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

"அம்மா."

"ம்."

"எனக்கு முதமுதல்ல நீறு வெச்சாரே. அன்னைக்கு அவரு அடுப்பைச் சுத்தம் பண்ணிட்டிருந்திருக்காருங்க." சாம்பல் கையை நீட்டிக் காட்டினார். "கை கழுவ நேரமில்லை. அவ்வளவுதான். அதை நான் இத்தனை வருஷம்… அப்ப அவரு எனக்கு ஒண்ணும் கொடுக்கலையா?"

மாசானம் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிய கை கூப்பியபடி இருந்தது. நெற்றியிலிருந்தது உதிர்ந்துவிடக்கூடாதென்று மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

வடிவம்மை அவனைக் காட்டினாள்.

"நீங்க இவருக்கு என்ன கொடுத்தீங்க?"