பலிபீடத்து உப்பு

வேங்கைக்குன்றின் உச்சியில் ஒரு சின்ன முருகன் கோயில். பங்குனி உத்திரம் முடிந்து ஜனங்கள் இறங்கிவிட்டால் அங்கே காற்றின் சத்தம் மட்டும்தான். உடம்பில் மரு வந்தவர்கள் பலிபீடத்தில் உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொண்டு போவது வழக்கம். அந்த உப்பை நக்கத்தான் செவலை என்ற பெண்மான் தன் குட்டியோடு மூச்சிரைக்க ஏறி வந்தது. உப்பில்லாமல் அதற்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது.

பலிபீடத்தின் மேல் கடுவன் என்ற குரங்கு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“எறங்கு. உப்பு நக்கணும்,” என்றது செவலை.

“முதல்ல என்னைக் கும்பிடு. மனுசங்களே எனக்குப் பழம் கொடுத்துக் கும்பிட்டுட்டுப் போறாங்க.”

“நீதான் உப்பைத் தொடவே மாட்டியே. உனக்கு எதுக்கு?”

“எனக்கு வேண்டாம்தான். அதுக்காக உனக்குக் கொடுக்கணுமா?”

செவலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்து முனகியது. கோபத்தை விழுங்கிக்கொண்டு செவலை பாறை விளிம்புக்குப் போய் நின்றது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வயலும் தென்னந்தோப்பும், நடுவில் தாம்பாளம் போல ஓர் ஏரி. பார்த்தால் யாருக்கும் மனசு ஆறும்.

“அங்க என்ன பார்வை? அதுவும் என் இடம்தான்,” என்றது கடுவன்.

ஆறப்போன மனசு கொதித்தது. செவலை பாய்ந்து வந்து முன்னங்கால்களைத் தூக்கிப் பலிபீடத்தை ஓர் உதை விட்டது. கடுவன் அலறிக்கொண்டு பின்னால் குதித்தது. குதித்த இடத்தில் பாறையிடுக்குச் சுனை கண்ணில் பட, அதற்கு ஒரு யோசனை வந்தது. மரங்களில் இருந்த தன் கூட்டத்தைக் கூப்பிட்டது.

“டேய், எல்லாரும் வாங்கடா! உப்பை அள்ளிச் சுனையில போடுங்க. தண்ணிக்கடியில இருந்தா இவ நாக்கு எட்டாது.”

“அட மூடா, கரைஞ்சு போயிடும்டா! மலைமேல இருக்கறதே அந்த ஒரு சுனைதான்,” என்று கத்தியது செவலை.

“கிடைக்காத வயித்தெரிச்சல்ல பேசுறா. நீங்க போடுங்கடா.”

குரங்குக் கூட்டம் கைகொள்ளாமல் அள்ளிப் போட்டது. கோடையில் சுருங்கிக் கிடந்த சுனை அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

வெயில் ஏறியதும் குரங்குக் குட்டிகள் தண்ணீர் குடிக்க ஓடின. குடித்த வேகத்தில் துப்பிவிட்டு அழுதன. கடுவனும் குனிந்து ஒரு வாய் குடித்தது. அதன் மூஞ்சி கோணிக்கொண்டது. கையை விட்டுத் துழாவியது. அடியில் வெறும் பாறைதான்.

செவலை சுனைக்கு வந்து நிதானமாக நாலு மடக்கு குடித்தது. அது தேடி வந்த உப்பு அதற்குக் கிடைத்துவிட்டது. நல்ல தண்ணீருக்குப் பள்ளத்தாக்கில் ஓடை இருந்தது. சிறுத்தை பதுங்கும் புதர்களைச் சுற்றிக்கொண்டு அங்கே போகிற வழி செவலைக்கு மட்டும்தான் தெரியும்.

“அக்கா, ஓடைக்கு வழி…” என்று இழுத்தது கடுவன்.

“இப்ப அக்காவா? என் குட்டி பட்டினியா நின்னப்ப நான் யாருடா?”

கடுவனின் குட்டிகள் உதட்டை நக்கியபடி செவலையையே பார்த்தன.

“இதுங்க மூஞ்சிக்காகத்தான் கூட்டிட்டுப் போறேன். உன் மேல இருக்கற கோபம் இன்னும் போகல. நீ கடைசியா வா. குட்டிங்க எல்லாம் குடிச்ச பிறகு குடி,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கியது செவலை.

தனக்கு வேண்டாததைக்கூடப் பிறருக்குத் தர மனமில்லாதவன், கடைசியில் தன் பிள்ளைகளையே தவிக்க விடுவான்.