வரப்பைத் துளைக்கும் நண்டு

அந்தக் காலத்தில் ஆறுகளுக்கு அணை கிடையாது, வயல்களுக்கு வரப்பு கிடையாது. வாய் மட்டும் எல்லா உயிர்களுக்கும் இருந்தது. எருமை பேசும், கொக்கு பேசும், தவளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கோடை வந்தால் ஆறு மெலிந்துவிடும். அப்போது எருமைக்கும் கொக்குக்கும் தினமும் சண்டை. சண்டை போட்டு அலுத்துப்போய், கடைசியில் எல்லாமாகச் சேர்ந்து நண்டிடம் வந்தன. மண் வேலை என்றால் நண்டுதான். அது பூசிய சேறு காய்ந்துவிட்டால் காட்டுப்பன்றி மிதித்தாலும் விரிசல் விடாது. அதில் நண்டுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆற்றை மறித்து அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஆளுக்கொரு பங்கு தருவதாக நண்டு சொன்னது. யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டது. எருமை புரள ஒரு குட்டை கேட்டது. கொக்கு முழங்கால் ஆழத்துக்கு ஓர் ஓடை கேட்டது. தவளை தன் தேவையைச் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. விலாங்கு மீன் மட்டும் ஒன்றும் கேட்காமல் கரையோரத் தண்ணீரில் கிடந்தது.

"தங்கச்சி, உன் பங்கு எவ்வளவுன்னு சொல்லு. உனக்கும் ஒரு வாய்க்கால் வெட்டித் தாரேன்" என்றது நண்டு.

"எனக்குப் பங்கு வேண்டாம்ண்ணே. மழை ஓய்ஞ்சதும் நான் கடலுக்குப் போயி முட்டை போடணும். ஆறு ஓடிக்கிட்டு இருந்தாப் போதும்."

பங்கே வேண்டாம் என்றவருக்கு எதை எடுத்து வைப்பது? நண்டு அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றபடி நியாயமாகத்தான் பிரித்தது. பிரித்து முடித்தபோது ஆற்றுக்கென்று ஒரு கை நீர்கூட மிஞ்சவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் அணை எழுந்தது. ஊசி நுழைய இடமில்லாமல் இக்கரையிலிருந்து அக்கரைவரை பூசியிருந்தது நண்டு. மழை பெய்தது, அணை நின்றது, வாய்க்கால்கள் நிறைந்தன. எல்லாம் நண்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின.

மழை ஓய்ந்த பிறகு நண்டு தன் வேலையை ரசிக்க ஒருமுறை அணைப் பக்கம் வந்தது. தேங்கிய தண்ணீரில் விலாங்கு சுவரை முட்டி முட்டி வழி தேடிக்கொண்டிருந்தது. வயிறு முட்டையால் கனத்திருந்தது, மூக்கு தேய்ந்து ரத்தம் கசிந்தது. வாய்க்கால் வழியாகப் போகலாமே என்று நண்டு சொன்னது.

"எல்லா வாய்க்காலும் குட்டையிலதான் போயி முடியுதுண்ணே. கடலுக்கு ஒண்ணும் போகலை."

விலாங்கு இதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நண்டுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நண்டு எருமையிடம் போய்க் கொஞ்சம் தண்ணீரை விட்டுக்கொடுக்கச் சொன்னது. கொக்கின் பங்கில் எடுத்துக்கொள் என்றது எருமை. எருமையின் பங்குதான் பெரிது என்றது கொக்கு. கூட்டம் போட்டுப் பேசலாம் என்றது தவளை. அவை பேசி முடிப்பதற்குள் விலாங்கு செத்துப்போகும் என்று நண்டுக்குத் தெரிந்தது.

அது திரும்பி வந்து, தான் பூசிய சுவரைக் கீழ்ப்பக்கத்திலிருந்து தானே குடையத் தொடங்கியது. ஒரு கொடுக்கு முறிந்தது. இவ்வளவு கெட்டியாகக் கட்டியதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக வருத்தப்பட்டது. மண் ஈரமாகி நீர் கசிந்ததும், "தங்கச்சி, இந்தப் பக்கமா வா" என்று கத்தியது.

அடுத்த கணம் ஓட்டை பிளந்து அணை முழுவதும் சரிந்தது. வெள்ளம் நண்டைத் தூக்கிக் கரையில் எறிந்தது. அது எழுந்து பார்த்தபோது ஆறு முழுக்கச் செம்மண் கலங்கல். விலாங்கு அந்த வெள்ளத்தோடு போனதா, சரிந்த மண்ணுக்கு அடியில் சிக்கிக்கொண்டதா என்று தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தது. பதில் வரவில்லை.

அணையை மறுபடி கட்டச் சொல்லி எருமையும் கொக்கும் வந்து நின்றன. இனிமேல் முதல் பங்கு ஆற்றுக்கு, மிஞ்சியதுதான் நமக்கு, அணையின் நடுவில் ஒரு வழி எப்போதும் திறந்தே கிடக்கும் என்றது நண்டு. அவை முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டன.

அன்று முதல்தான், தண்ணீரை மறித்து எழும் எந்த வரப்பைக் கண்டாலும் நண்டு துளைத்துவிடுகிறது. விவசாயி திட்டிக்கொண்டே சேறு வைத்து அடைத்துவிட்டுப் போகிறார். அது மறுபடியும் துளைத்துவிட்டு, வளையின் வாயில் உட்கார்ந்து, இரண்டு கண்களையும் வெளியே நீட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. விலாங்கு கடலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்கு இன்னும் தெரியாது.