ராஜாவின் கனவுக்குக் காவல் யார்?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு மல்லுக்கு வருவார்கள். அவருக்கு யானை இருந்தது, சேனை இருந்தது, தின்றது செரிக்கிற வயிறும் இருந்தது. நிம்மதியான தூக்கம் ஒன்றுதான் இல்லை. கண்ணை மூடினால் பாம்பு வரும். ஒரு நாள் கறுப்புப் பாம்பு, ஒரு நாள் பச்சைப் பாம்பு. விடிந்ததும் விடியாததுமாகச் சபையைக் கூட்டி, "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்பார். பல்கூட விளக்கியிருக்க மாட்டார் மனிதர்.

அந்தச் சபையின் விகடகவி பெயர் காளத்தி. மூன்று வருஷத்துக்கு முன்னால், ராஜா முதல்முதலாகப் பாம்புக் கனவு கண்டு வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு கொழுத்த பாம்பு படம் எடுத்து நின்றதாம். அரண்மனைச் சோதிடர் மார்க்கண்ட பண்டிதர் ஓலைக்கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். அவர் அவிழ்த்து முடிப்பதற்குள் காளத்தி எழுந்துவிட்டான்.

"மகாராஜா, அவ்வளவு கொழுத்திருந்தது என்றால் அது உங்கள் உப்பைத் தின்று வளர்ந்த பாம்பாகத்தான் இருக்கும். புற்றில் தேடாதீர்கள், அரண்மனைக்குள் தேடுங்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிக் காளத்தியின் கையில் மாட்டினார். சபை முழுக்கச் சிரித்தது. பண்டிதர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுத்தாணியை எடுத்து, 'கனவில் வரும் பாம்பு அரசனின் உப்பைத் தின்பவன்' என்று ஓலையில் எழுதிக்கொண்டார். வாயில் இருக்கும்வரை அது வேடிக்கைப் பேச்சு. ஓலையில் ஏறி ஒரு மாதம் போனால் சாஸ்திரம். அடுத்த தடவை ராஜா கனவு கண்டபோது பண்டிதர் அந்த ஓலையைத்தான் பிரித்தார்.

கறுப்பு உடம்பு, சிவந்த கண். "லாயக்கார மாசிலான்" என்றார் பண்டிதர். பாவம், அவனுக்கு வைக்கோல் தூசியால் கண் சிவந்திருந்தது. பண்டிதருக்குச் சாதுவான குதிரை தர மறுத்தவன் வேறு. அடுத்தது பச்சைப் பாம்பு; தோட்டக்காரச் சடையன் போனான். அதற்கடுத்தது சீறிச் சீறி ஓசை போட்ட பாம்பு. மத்தளம் வாசிக்கிற வயிரவன் போனான். மூவரையும் இரண்டு நாள் வழியில் இருந்த பாழ்க்கோட்டையில் கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். சுற்றிலும் உப்புமண். உள்ளே ஒரு கிணறு உண்டு, அதில் தண்ணீர் உண்டா என்று பார்த்து வந்து சொன்னவர் இல்லை.

மூன்று தடவையும் காளத்தி தன் கைக்காப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். வாயைத் திறந்திருந்தால் என்ன, தலையா போயிருக்கும் என்று கேட்பீர்கள். ஆமாம், போயிருக்கும். அதனால்தான் திறக்கவில்லை.

இப்போது மறுபடியும் ஒரு கனவு.

"பழுப்பு நிறம்" என்றார் ராஜா. "வால் நுனி அறுந்திருந்தது. ஒரு பக்கமாக உடம்பை இழுத்து இழுத்து வந்தது. கட்டிலில் ஏறி என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது."

பண்டிதர் கண்ணை மூடி விரலை மடக்கி எண்ணினார். "மன்னவா, சொல்ல நா கூசுகிறது. அது ஒரு பெண். ஒரு காலை இழுத்து நடப்பவள். தினந்தோறும் தங்கள் திருக்கழுத்துக்கு ஒன்றைத் தொடுத்து அனுப்புபவள்."

சபையில் யாரும் காளத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. அரண்மனைக்கு மாலை கட்டுகிறவள் அவன் மனைவி பூவாயி. சின்ன வயதில் வண்டிச் சக்கரம் ஏறி இடது பாதம் நசுங்கியவள். காளத்தி போய் ராஜாவின் காலடியில் விழுந்தான். என்ன சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை.

"காளத்தி, நீ எனக்கு வேண்டியவன்" என்றார் ராஜா. "ஆகையால் ஒரு நாள் அவகாசம் தருகிறேன். நாளைக் காலை அவள் குற்றமற்றவள் என்று சபையில் காட்டு. விகடம் பேசித் தப்பலாம் என்று மட்டும் நினைக்காதே. சிரிக்கும் நிலையில் நான் இல்லை."

வீட்டுக்குப் போனால் வாசலில் இரண்டு சேவகர்கள். உள்ளே பூவாயி உட்கார்ந்து நூல் திரித்துக்கொண்டிருந்தாள். சேதி அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. காளத்தி அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. ஊரையே சிரிக்க வைக்கிறவன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் அவள்.

"ஒண்ணும் வரல பூவாயி. மண்ட காலியா கெடக்கு."

"சடையன் போன அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க." அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன் பொண்டாட்டி நம்ம வாசல்ல வந்து நின்னா. ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணேன்னு கேட்டா. உடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பச் சொன்னீங்க. நானும் போய்ச் சொன்னேன்."

"அத இப்ப ஏன் எடுக்கற?"

"வேற எப்ப எடுக்க? நாளைக்கு மறுநாள் நான் இருக்க மாட்டேனே. அந்த ஓலையில இருக்கறது உங்க பேச்சு. உங்க பேச்சுதான் என்னக் கூட்டிட்டுப் போவுது."

காளத்திக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. நாளைக்கு அவள் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றுவார்கள். உப்புமண்ணில் அந்தக் காலை இழுத்து இழுத்து அவள் நடப்பாள். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இந்த நினைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அவள் நூலுக்கு மஞ்சள் தடவுவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பப் போயி என்ன நூலு?"

"பண்டிதருக்கு. சாயங்காலம் ராஜா மணிக்கட்டுல கட்டுவாரே, கெட்ட கனவு உள்ள வராம இருக்க, அந்தக் காப்புக் கயிறு. ஆறு வருசமா நான்தான் திரிச்சுக் குடுக்கறேன். இன்னைக்கும் ஆள் வந்து கேட்டுட்டுப் போறான். என்னப் பாம்புன்னு சொல்லிட்டு, பாம்பு கையாலயே கயிறு கேக்கறாங்க பாருங்க."

அவள் சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு அது. காளத்தி அந்த மஞ்சள் கயிற்றைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

மறுநாள் காலை சபை நிறைந்திருந்தது. இரண்டு சேவகர் நடுவில் பூவாயி நின்றாள். காளத்தி வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான்.

"மகாராஜா, ஒப்புக்கொள்கிறேன். தங்கள் கனவில் வந்த பாம்பு என் மனைவிதான்."

பண்டிதர் முகம் பூரித்துப் போயிற்று. பூவாயி புருஷனை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"ஆனால் இவள் ஒருத்தியைத் தண்டித்தால் போதாது" என்றான் காளத்தி. "பள்ளியறைக்கு நான்கு வாசல். இந்தக் காலோடு இவளால் ஓடவும் முடியாது, மதில் ஏறவும் முடியாது. யாரோ உள்ளே விட்டிருக்கிறார்கள். தளபதியாரே, முந்தாநாள் இரவு இவளை உள்ளே விட்ட காவலன் யார்?"

தளபதிக்கு மீசை துடித்தது. "என் காவலர் மேல் பழியா? நான்கு வாசலிலும் கண்ணை மூடாமல் நின்றார்கள். ஈ எறும்பு நுழையவில்லை. என் வாள்மேல் ஆணை."

"நல்லது. நான்கு வாசலிலும் நுழையவில்லை, ஆனாலும் மகாராஜாவின் கழுத்துவரை வந்திருக்கிறாள். அப்படியானால் ஐந்தாவதாக ஒரு வாசல் இருக்கிறது. கனவின் வாசல். அங்கே காவல் யார், மகாராஜா?"

ராஜா குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தார். மஞ்சள் கயிறு இருந்தது. அவர் நிமிர்ந்தபோது சபை முழுக்கப் பண்டிதரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பண்டிதரே" என்றான் காளத்தி, "முந்தாநாள் மாலை கயிறு கட்டினீரா?"

"கட்டினேன்."

"மந்திரத்தில் ஏதும் விட்டுப்போயிற்றா?"

"என் மந்திரத்தில் எழுத்துப் பிசகாது."

"அப்படியும் ஒரு நொண்டிப் பாம்பு, விறுவிறு என்றுகூட அல்ல, இழுத்து இழுத்து உள்ளே வந்திருக்கிறது. தளபதியாரே, காவலில் கோட்டைவிட்டவனுக்கு என்ன தண்டனை?"

"தலை" என்றார் தளபதி. அவருக்கு ஏற்கெனவே கோபம்.

பண்டிதர் முகத்தில் ஈயாடவில்லை. நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. "மன்னவா, என் கயிறு தவறவே தவறாது. தீயது எதுவும் அதைக் கடந்து வர முடியாது."

"பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும்" என்றான் காளத்தி.

"தீயது எதுவும் கடந்து வர முடியாது!"

"அப்படியானால் வந்தது தீயது அல்ல. நான் சொல்லவில்லை மகாராஜா, பண்டிதர் சொல்கிறார். கழுத்தைச் சுற்றியும் கடிக்காத பாம்புக்கு என்ன பலன் என்று அவரே படிக்கட்டும். என் பேச்சை எழுதிய ஓலை வேண்டாம். அவருடைய பாட்டன் எழுதிய ஓலை இருக்குமே, அது."

பண்டிதர் ஓலையைப் புரட்டினார். இரண்டு ஓலை கீழே விழுந்தது. கடைசியில் முணுமுணுத்தார். "பாம்பு கழுத்தில் ஏறக் கண்டால் பொன் சேரும்."

ராஜாவின் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு குலுங்கியது. "அட, இத்தனை நாளும் எனக்கு வந்ததெல்லாம் கெடுதி இல்லாத கனவா? நான்தான் வீணாகப் பயந்தேனா?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பூவாயியை விடச் சொன்னார். கழுத்திலிருந்த பொற்சங்கிலியைக் கழற்றிக் காளத்திக்குப் போட்டார். பண்டிதரை இனிமேல் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பள்ளியறை வாசலில் நிற்கும்படி உத்தரவு போட்டார். ஐந்தாவது வாசலுக்குக் காவல் என்று சொல்லி அதற்கும் ஒரு சிரிப்பு.

"இன்னும் என்ன வேண்டும், கேள்."

காளத்தி கும்பிட்டான். "மகாராஜா, பாழ்க்கோட்டைக்குப் போன மூவரைக் காட்டிய கனவுகள் வந்தபோதும் இதே கயிறுதான் தங்கள் கையில் இருந்தது."

ராஜாவுக்குக் கணக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. "அட, ஆமாம்" என்றார். "போய் மூவரையும் கூட்டி வாருங்கள்."

ராஜா சிரித்தார், பரிசு கொடுத்தார், எல்லாரும் சுகமாக இருந்தார்கள் என்று இந்த இடத்தில் கையைத் தட்டிவிட்டு எழுந்துபோகிற கதைசொல்லிகள் உண்டு. எனக்கு அப்படி எழுந்துபோக மனசு வரவில்லை. இன்னும் நாலு நாள் கதை பாக்கி இருக்கிறது.

நாலாம் நாள் மத்தியானம் குதிரைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். கூட்டிப் போன மூன்று குதிரைகள் மேலும் ஆள் இல்லை. கிணற்றடியில் கிடந்தது என்று ஒரு மத்தளத்தோல் வாரையும், இரண்டு தோள்துண்டுகளையும் கொண்டுவந்து ராஜாவின் முன்னால் வைத்தார்கள். ராஜா "அடப் பாவமே" என்றார். அப்புறம் சாப்பிடப் போனார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார் என்றும் பாம்பு வரவில்லை என்றும் அரண்மனையில் சொல்லிக்கொண்டார்கள்.

பூவாயி அன்றைக்கு அரண்மனைக்கு மாலை அனுப்பவில்லை. மூன்று மாலை கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். காளத்தி எதுவும் கேட்காமல் எடுக்கக் குனிந்தான். கழுத்துச் சங்கிலி முன்னால் ஆடியது.

"அதக் கழட்டிட்டுப் போங்க" என்றாள்.

சங்கிலியைக் கழற்றினான். கைக்காப்பையும் கழற்றினான். மூன்று வருஷமாகக் கழற்றாதது, தோலோடு ஒட்டிக்கொண்டு லேசில் வரவில்லை. இரண்டையும் மூலையில் வைத்துவிட்டு மாலைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

முதலில் சடையன் வீடு. கதவைத் தட்டினான். சடையன் பெண்டாட்டி வந்து திறந்து, யார் என்று பார்த்துவிட்டு, அப்படியே நின்றாள். காளத்தி வாயைத் திறந்தான். எந்தச் சபையிலும் பேச்சுக்குத் தடுமாறாத வாய் அது. ஒரு வார்த்தை வரவில்லை. மாலையை நீட்டிக்கொண்டு நின்றான், அவள் வாங்குகிறவரைக்கும்.