பொள்ளாச்சிக்காரர் ஓட்டிய வண்டி

சூலூருக்கு வெளியே, மூடிப்போன ஒரு நூற்பாலையின் பின்பக்கத்து மண் திடலில் ரிமோட் கார் ஓட்டுகிறவர்கள் ஞாயிறுதோறும் கூடுவார்கள். பிள்ளைகள் வீட்டுக்குள் ஓட்டும் பொம்மைக் கார் என்று நினைத்துவிடக் கூடாது. இது பெட்ரோல் ஊற்றி ஓட்டுவது. தூக்கினால் ஒரு கிடாய்க்குட்டியின் கனம் இருக்கும்.

அங்கே கொட்டகை போட்டுப் பழுது பார்க்கிறவர் ஃபிலோமினா. ஐம்பதை ஒட்டிய வயது. எல்லோரும் அவரை வாத்தியார் என்றே கூப்பிடுவார்கள். ஆனால் வாத்தியார் யாருடைய வண்டியையும் தன் கையால் கழற்ற மாட்டார். வண்டிக்காரர் கையில் ஆலன் கீயை, அதாவது திருகு கழற்றும் சாவியை, கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். என்ன செய்ய, அந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை.

மோகனசுந்தரம் பெயின்ட் கடைக்காரர். அவருக்கும் அதே வயதுதான். யாரோ ஒரு பொள்ளாச்சிக்காரர் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை வாங்கி வந்தார். முதல் ஞாயிறே அது நடுத்திடலில் நின்றுவிட்டது. என்ஜின் கத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை.

"பொள்ளாச்சிக்காரன் என் தலையில கட்டிட்டானுங்க வாத்தியாரே."

"கழட்டுங்க."

கழற்றினார். என்ஜினிலிருந்து வரும் சின்னக் கியர் நன்றாக இருந்தது. அது சுற்றிவிட வேண்டிய பெரிய கியரில் பாதிப் பல்லைக் காணோம். சின்னக் கியரை வாத்தியார் விரலால் ஆட்டினார். அது லொடலொடவென்று ஆடியது.

"ரெண்டுக்கும் நடுவுல இத்தன எடம் விட்டு ஓட்டியிருக்கார். பல்லு பல்லப் புடிக்காம நுனியிலயே அடிபட்டுப் போயிருக்கு. இது அவர் பண்ணினதுதான்."

மோகனசுந்தரத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம். தப்பு இன்னொருவருடையது என்று வாத்தியார் வாயாலேயே வந்துவிட்டதே. சிலருக்கு வண்டி ஓடுவதைவிட இது முக்கியம்.

புதுக் கியர் மாட்டும்போது வாத்தியார் பழைய செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார்.

"ரெண்டு கியருக்கும் நடுவுல இத வெச்சு நெருக்கி முறுக்குங்க. அப்பறம் பேப்பர உருவிடுங்க."

"அப்ப பேப்பர் கனத்துக்கு எடம் உளுந்துருமுங்களே?"

"உளுகணும்."

வண்டி ஓடியது. ஆனால் அந்த இடைவெளி மோகனசுந்தரத்தின் மனதில் முள்ளாகக் கிடந்தது. இடம் விட்டுத்தானே பொள்ளாச்சிக்காரன் கெடுத்தான்? வீட்டுக்குப் போனதும் அவர் திருகைத் தளர்த்தி, பேப்பர் இல்லாமல், இரண்டு கியரையும் ஒன்றோடொன்று அழுத்தி முறுக்கினார். ஆடினால்தானே வம்பு என்று, கை பட்டு ஆடுகிற இடத்துக்கெல்லாம் வாஷர் போட்டார். பிறகு ஆட்டிப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

அதன்பின் அவர் கொட்டகைக்கு வராத மாதமில்லை. பேரிங் போயிற்று. சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் போயிற்று. சக்கரத்துக்குப் போகும் சாஃப்ட் முறுக்கிக்கொண்டது. ஒவ்வொன்றாக மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பொள்ளாச்சிக்காரரைத் திட்டினார். வாத்தியார் ஏதாவது கேட்க வாயெடுத்தால், "எல்லாம் நீங்க சொன்ன மாதிரியேதானுங்க" என்று முந்திக்கொள்வார்.

கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே வாய் வீட்டுக் கதைக்குப் போய்விடும்.

"எங்க வீட்லயும் இதே பாடுதானுங்க. செண்பகத்த நான் கட்டறதுக்கு முன்னாடி துரைராஜ்னு ஒருத்தன் கட்டியிருந்தான். குடிகாரன். அடிப்பான். அவன்கிட்டப் பட்டுப் பட்டு, இப்ப நான் சாதாரணமாக் கூப்புட்டாக்கூடத் திடுக்குங்கறா. அவன் பண்ணி வெச்ச வேலை."

வண்டியையும் பெண்டாட்டியையும் ஒரே மூச்சில் சொல்வது அவருக்கு உறுத்தவில்லை. எனக்கு உறுத்துகிறது. ஆனால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

"கட்டி எத்தன வருசமாச்சு?" என்று வாத்தியார் கேட்டார்.

"ஏழு."

வாத்தியார் அடுத்துக் கழற்ற வேண்டிய போல்ட்டைக் காட்டினார்.

ஆவணி முடிகிற சமயம், ஒரு காலை வேளையில் மோகனசுந்தரம் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நின்னுருச்சுங்களா?"

"வண்டியும் நின்னுருச்சு. செண்பகமும் உடுமலைக்கு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. பத்து நாளாச்சு. இன்னைக்குச் சாயங்காலம் பெரியவங்க உக்காந்து பேசறாங்க. அவ வரமாட்டேன்னு சொல்லிட்டான்னா அத்தோட முடிஞ்சது."

வாத்தியார் ஸ்டூலை இழுத்துப் போட்டார். மோகனசுந்தரம் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கறனுங்க வாத்தியாரே. ஒருத்தன் கெடுத்து வெச்சத இன்னொருத்தன் எத்தன காலத்துக்குத்தான் சரி பண்ணிட்டே இருக்கறது?"

வாத்தியார் ஒரு சாக்கை உதறித் தரையில் விரித்தார். ஆலன் கீயை நீட்டினார்.

"கழட்டுங்க. பொள்ளாச்சிக்காரர் போட்டத எடப்பக்கம் வையுங்க. நீங்க வாங்கிப் போட்டத வலப்பக்கம் வையுங்க."

"இப்ப இதுக்கு நேரமில்லீங்க."

"கேட்டது நீங்கதானே."

கழற்றினார். பெரிய கியர் வலப்பக்கம் போயிற்று. அதில் மறுபடியும் பல் இல்லை. சின்னக் கியர் ஆடி மாதம் மாற்றியது, அதுவும் வலப்பக்கம். டிஃபரென்ஷியல், சாஃப்ட், தீய்ந்து நீலம் பாரித்த பேரிங்குகள், க்ளட்ச், வாஷர்கள், சக்கரங்கள், என்ஜின் எல்லாம் வலப்பக்கமே போய்க் குவிந்தன. ஒரு போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு அதையும் வலப்பக்கம் போட்டார்.

இடப்பக்கம் கடைசியில் ஒன்றே ஒன்று கிடந்தது. எல்லாவற்றையும் தாங்குகிற அடித்தகடு. வாத்தியார் அதை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"கீறல் நெறைய இருக்குது. வளையல."

தகட்டைத் திரும்ப இடப்பக்கம் வைத்தார்.

"பேப்பர் வெச்சீங்களா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"அவன் லூசா உட்டதுனாலதான கெட்டுச்சு? நானும் உடறதுங்களா? கையில ஆட்டிப் பாத்தப்ப ஒரு நூல்கூட ஆடல வாத்தியாரே. அத்தன கச்சிதமா இருந்துச்சு."

"நின்னுட்டிருந்தப்பதானே ஆட்டிப் பாத்தீங்க. ஓடுனா சூடாகும். சூடானா உப்பும். உப்பறதுக்கு எடம் எங்க வெச்சீங்க?"

மோகனசுந்தரத்துக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததும் கோபம் வந்தது. அது மனித சுபாவம்.

"நான் அவளத் தொட்டு அடிச்சதில்லீங்க. ஒரு நாளும் கை ஓங்குனதில்ல. அடிச்சதெல்லாம் துரைராஜ். அவன் எங்க போற, எப்ப வருவேன்னு அவளக் கேட்டதே கெடையாது. செத்தாளா பொழச்சாளான்னுகூடப் பாக்க மாட்டான். நான் அப்படியா? மணிக்கொருக்கா போன் போட்டுக் கேக்கறேன். கோயிலுக்குப் போனாலும் போன் போடறேன். அவ அக்கா வீட்டுல இருந்தாலும், பக்கத்துல யாரு இருக்காங்க, போனக் குடுன்னு கேக்கறேன். அதெல்லாம் அக்கறையில்லீங்களா?"

வாத்தியார் சாக்கின் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடலில் எவனோ வண்டியைக் கிளப்பினான். அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கியது.

மோகனசுந்தரம் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"நான் சாயங்காலம் அங்க என்னங்க சொல்லட்டும்?"

"என்ன சொல்லலாம்னு இருந்தீங்க?"

"துரைராஜ் மாதிரி நானில்லைன்னு சொல்லலாம்னு இருந்தேன். அவன் பண்ணுனதுக்கு எனக்கு எதுக்குத் தண்டனைன்னு கேக்கலாம்னு இருந்தேன். துரைராஜ்கூட இருந்தத நெனச்சுப் பாரு, அப்பறம் எங்கூட இருந்ததையும் நெனச்சுப் பாருன்னு..."

"அவர் பேரச் சொல்லாம," என்றார் வாத்தியார், "செண்பகத்தப் பத்தி ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லுங்க போதும்."

"செண்பகம் வந்துங்க..." என்று மோகனசுந்தரம் ஆரம்பித்தார். நிறுத்தினார். கையிலிருந்த கிரீஸைப் பேன்ட்டில் துடைத்தார். "அவளுக்கு வந்து..." என்றார்.

மோகனசுந்தரம் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். ஏழு வருஷம் கூட வாழ்ந்ததில், துரைராஜை விட்டுவிட்டு அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் வரவில்லை.